பல்கலைக்கழக லாயமும் மாநிலக் கருவூலமும்: ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவின் ஒரு மாநில அரசு தன் பல்கலைக்கழகத்தின் குதிரையேற்ற அணிக்கு நிதி தருகிறது என்றோ, இனி தரப்போவதில்லை என்றோ ஒரு செய்தியைப் படிக்கும் வாசகர், கருவூலத்திலிருந்து பணம் நேராக லாயத்துக்குப் போய்ச் சேர்வதாக எண்ணிக்கொள்வது இயல்பு. உண்மையில் அப்படி நேராகப் போகும் பணம் மிக அரிது. மாநிலப் பணம் பெரும்பாலும் நாலைந்து வளைவுகளைக் கடந்து, வேறு பெயர்களில், வேறு துறைகளின் கணக்குகள் வழியாகவே குதிரையின் தீனித்தொட்டியை எட்டுகிறது. அந்த வளைவுகள் எவை, குதிரையேற்றம் ஏன் மற்ற விளையாட்டுகளைப் போன்றதல்ல, மாநிலத்தின் வருவாய் சரிந்தால் இந்த அணிகளின் தலை ஏன் முதலில் உருள்கிறது என்பவற்றை, இத்துறையில் முன்னறிமுகம் இல்லாதவர்களுக்காக இக்கட்டுரை விளக்குகிறது. மாநிலச் சட்டமன்றத்துக்கும் பல்கலைக்கழக விளையாட்டுக்கும் உள்ள தொடர்பு வெளிப்படையாகத் தெரியும் மாநிலம் நியூ மெக்சிகோ என்பதால், முக்கிய எடுத்துக்காட்டு அங்கிருந்து வருகிறது.

ஆட்டம் எப்படிப்பட்டது

அமெரிக்கக் கல்லூரிக் குதிரையேற்றத்தில் இரண்டு தளங்கள் உண்டு. முதலாவது, மாணவர் மன்ற அளவில் நடப்பது. 1967-இல் தொடங்கப்பட்ட கல்லூரிகளுக்கிடையேயான குதிரைக் காட்சிச் சங்கத்தின் கீழ், குதிரைமீது புதிதாக ஏறியவர் முதல் தேர்ந்தவர் வரை ஆண்களும் பெண்களும் பல தகுதிநிலைகளில் போட்டியிடுகின்றனர். இவ்வகை அணிகளில் செலவின் பெரும்பகுதியை மாணவர்களே ஏற்கின்றனர்; மாணவர் பேரவை தரும் சிறு தொகையைத் தவிர, அரசுப் பணம் என்று சொல்லத்தக்கது அதில் அதிகம் இல்லை.

இரண்டாவது தளம், பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையே நடத்தும் அதிகாரபூர்வ அணி. அதற்குச் சம்பளம் பெறும் பயிற்சியாளர், விளையாட்டு உதவித்தொகை, பயணச் செலவு, மருத்துவக் கவனிப்பு எல்லாம் உண்டு. இத்தகைய அணிகள் பெண்களுக்கு மட்டுமானவை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பு, 1998-இல் குதிரையேற்றத்தைப் பெண்களுக்கான 'வளர்ந்துவரும் விளையாட்டு'களின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் உள்ள ஒரு விளையாட்டு 40 பல்கலைக்கழகங்களில் அதிகாரபூர்வ அணி பெற்றால்தான் அதற்கு என்.சி.ஏ.ஏ.வின் சொந்த சாம்பியன் போட்டி கிடைப்பதற்கான வாசல் திறக்கும். படகோட்டம், ஐஸ் ஹாக்கி, வாட்டர் போலோ, பௌலிங், கடற்கரைக் கைப்பந்து ஆகியவை அவ்வாறு தேறிப் போயின. குதிரையேற்றம் பல ஆண்டுகளாகப் பட்டியலிலேயே நிற்கிறது. அதன் தேசியப் போட்டியைத் தனியொரு கல்லூரிக் குதிரையேற்றச் சங்கம் நடத்துகிறது. இந்த இடைநிலைத் தகுதி வெறும் சம்பிரதாயம் அல்ல. நிதி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அது அணிக்கு எதிரான வாதமாக எடுத்து வீசப்படுகிறது.

போட்டியின் அமைப்பை அறிந்தால்தான் செலவின் காரணம் விளங்கும். நான்கு பிரிவுகள் உள்ளன. தடைகளைத் தாண்டுவது ஒன்று. சமதளத்தில் குதிரையை நடத்திக் காட்டுவது ஒன்று. மேற்கத்தியச் சேணத்தில் சவாரித் திறனைக் காட்டுவது ஒன்று. வட்டமடித்தல், சுழலுதல், வேகமாக ஓடிவந்து சறுக்கி நிற்றல் ஆகியவற்றைக் குறித்த வரிசையில் செய்து காட்டும் 'ரெய்னிங்' ஒன்று. இரு பல்கலைக்கழகங்கள் மோதும்போது, ஒவ்வொரு பிரிவிலும் அணிக்கு ஐந்து பேர் வரை களமிறங்குவர். இரு அணிகளையும் சேர்ந்த இருவர் ஒரே குதிரைமீது ஒருவர்பின் ஒருவராக ஏறுவர். எந்தக் குதிரை யாருக்கு என்பதைக் குலுக்கல் முடிவுசெய்யும். பழகிக்கொள்ளக் கிடைப்பது நான்கு நிமிடங்கள்தான். கூடுதல் மதிப்பெண் பெறுபவரின் அணிக்கு ஒரு புள்ளி. குதிரை நல்லதா கெட்டதா என்ற வேறுபாட்டை நீக்கி, சவாரி செய்பவரின் திறமையை மட்டும் ஒப்பிடுவதற்கு இதைவிட நேர்மையான வழி இருக்குமா என்பது ஐயமே.

ஆனால் அந்த நேர்மைக்கு ஒரு விலை உண்டு. விருந்தினராக வரும் அணி குதிரை கொண்டுவருவதில்லை. போட்டியை நடத்தும் பல்கலைக்கழகமே எல்லாக் குதிரைகளையும் தரவேண்டும். நான்கு பிரிவுகளுக்கும் ஐந்தைந்து என்று கணக்கிட்டாலே இருபது ஆகிறது. நொண்டும் குதிரை, பயிற்சி முடியாத குதிரை, வயதேறி வேலை குறைக்கப்பட்ட குதிரை, குலுக்கலுக்குப் பின் ஒத்துவராமல் மாற்றவேண்டிய குதிரை ஆகியவற்றுக்காக மேலும் பத்து சேர்த்தால் முப்பது. இவற்றில் பல, புரவலர்கள் நன்கொடையாகத் தருபவை. நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு என்பதால், போட்டி உலகிலிருந்து ஓய்வுபெறும் நிலையில் உள்ள நல்ல குதிரைகள் பல்கலைக்கழகங்களுக்கு வந்துசேர்கின்றன. யானை வாங்குவது கடினமல்ல, கட்டித் தீனி போடுவதுதான் கடினம் என்று நாம் சொல்வது இங்கே குதிரைக்கு அப்படியே பொருந்தும்.

ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது பத்துக் கிலோ வைக்கோலும் புல்லும் தின்னும். முப்பது குதிரைகளுக்கு அது ஆண்டுக்குச் சுமார் 110 டன். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பு செதுக்கி லாடம் மாற்றவேண்டும். முப்பது குதிரைகளுக்கு ஆண்டில் ஏறத்தாழ இருநூறு முறையாவது ஆகும். தடுப்பூசி, குடற்புழு நீக்கம், பல் ராவுதல், இரவில் திடீரென வரும் வயிற்றுவலிக்கு மருத்துவர், சாணம் அள்ள ஆள், அதைக் கொண்டுபோக வண்டி எனப் பட்டியல் நீளும். கூடைப்பந்து அணியின் பந்துகளைக் கோடை விடுமுறையில் அலமாரியில் பூட்டிவைக்கலாம். குதிரைக்கு விடுமுறை இல்லை. கல்லூரி மூடியிருக்கும் மாதங்களிலும் அது தின்னும். இந்தச் செலவு ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே அளவில் தேவைப்படுவது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இனிச் சொல்லப்போகும் அனைத்துக்கும் அதுவே அடிப்படை.

பணம் வரும் வழிகள்

அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டுத் துறையின் வரவு செலவை ஆண்டுதோறும் என்.சி.ஏ.ஏ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிக்கையில் வரவுப் பகுதியில் 'மாநிலம் அல்லது பிற அரசின் நேரடி ஆதரவு' என்று ஒரு தலைப்பும், 'பல்கலைக்கழகத்தின் நேரடி ஆதரவு' என்று வேறொரு தலைப்பும், 'மாணவர் கட்டணம்' என்று மூன்றாவது தலைப்பும் உள்ளன. பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் அறிக்கையில் முதல் தலைப்புக்கு எதிரே சுழியமோ சிறு தொகையோதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு விளையாட்டுக்கு மாநிலப் பணம் போவதே இல்லை என்று முடிவுகட்டுவது அவசரம்.

ஏனெனில் இரண்டாவது தலைப்பில் உள்ள பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. மாநிலச் சட்டமன்றம் பல்கலைக்கழகத்துக்குக் கற்பித்தலுக்கும் பொதுச் செலவுக்கும் ஒரு பெருந்தொகை ஒதுக்குகிறது. மாணவர் செலுத்தும் படிப்புக் கட்டணமும் அதோடு சேர்கிறது. பல்கலைக்கழகம் தன் பொதுப் பணத்திலிருந்து ஒரு பங்கை விளையாட்டுத் துறைக்கு மாற்றுகிறது. ஒரே தொட்டியில் இரு குழாய்த் தண்ணீரும் கலந்தபின் வாளியில் இருப்பது எந்தக் குழாயுடையது என்று கேட்பதில் பொருளில்லை. சட்டமன்றம் விளையாட்டுக்குப் பணம் தரவில்லை என்று உறுப்பினர்களும், விளையாட்டுக்காக மாநிலப் பணத்தைத் தொடவில்லை என்று நிர்வாகிகளும் ஒருசேரச் சொல்ல முடிவதற்கும் இந்தக் கலப்பே இடம்கொடுக்கிறது. இருவரும் பொய் சொல்வதில்லை, முழுவதையும் சொல்வதுமில்லை.

மாணவர் கட்டணம் என்பது தனி வழி. கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில், விளையாட்டுகளுக்காகத் தங்கள்மீது கூடுதல் கட்டணம் விதித்துக்கொள்ள மாணவர்களே வாக்களித்து ஒப்புதல் தந்த வரலாறு உண்டு. நீண்டகாலம் மன்ற அளவில் இருந்த அதன் குதிரையேற்றம் பிற்பாடு அதிகாரபூர்வ அணியாக உயர்ந்தது. கட்டணத்தை நிர்வாகம் திணிப்பதைவிட மாணவர்கள் வாக்களித்து ஏற்பது மேலானது என்பதில் ஐயமில்லை. எனினும் அன்று வாக்களித்த மாணவர்கள் படிப்பு முடித்துப் போய்விடுகிறார்கள். அந்த வாக்குக்கு முன் பிறந்தே இராதவர்கள் இன்று கட்டணம் செலுத்துகிறார்கள்.

கண்ணுக்கு எளிதில் படாத இன்னொரு வழியே குதிரையேற்றத்துக்கு உண்மையில் மிக முக்கியமானது. 1862-இல் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட மோரில் சட்டம், வேளாண்மையையும் இயந்திரத் தொழில்களையும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு அரசு நிலத்தை வழங்கியது. 1890-இல் வந்த இரண்டாவது சட்டம், கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரிகளும் அந்த ஏற்பாட்டில் பங்குபெற வழிசெய்தது. குதிரையேற்ற அணி வைத்திருக்கும், அல்லது வைத்திருந்த அரசுப் பல்கலைக்கழகங்களை வரிசையாகப் பாருங்கள்: ஜார்ஜியா, ஆபர்ன், டெக்சஸ் ஏ அண்ட் எம், ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம், கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம், தெற்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகம், டேவிஸ், டெலவேர் மாநிலப் பல்கலைக்கழகம், நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகம். இவை அனைத்தும் அந்த நிலக்கொடைச் சட்டங்களின் வழிவந்தவை. தெற்கு கரோலினா, ஃபிரெஸ்னோ போன்ற விலக்குகள் உண்டு என்றாலும் போக்கு தெளிவானது.

அதாவது இப்பல்கலைக்கழகங்களில் கால்நடைப் பண்ணையும், மேய்ச்சல் நிலமும், சிலவற்றில் கால்நடை மருத்துவமனையும் விளையாட்டு அணி பிறப்பதற்கு முன்பிருந்தே உள்ளன. குதிரை வளர்ப்பு அங்கே ஒரு பாடம். வேளாண் கல்லூரியின் கணக்கில் நிற்கும் கொட்டகையில் அணியின் குதிரை நிற்கலாம்; வேளாண் மாணவர்கள் பாடத்துக்காகக் கவனித்துக்கொள்ளும் குதிரையே சனிக்கிழமை போட்டியில் ஓடலாம். இந்த உதவிக்கு விலை குறித்தால் அது பெரிய தொகை. ஆனால் விளையாட்டுத் துறையின் அறிக்கையில் அது முழுமையாகத் தெரிவதில்லை. டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் ஹில்டெபிராண்ட் குதிரை வளாகம் பெரும் நன்கொடையாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அணியும் கல்விப் பணியும் ஒரே கூரையின்கீழ் அங்கு வருகின்றன. அதே மாநிலத்தில் குதிரைப் பந்தயச் சட்டத்தின்படி ஒரு குதிரை ஆராய்ச்சி நிதிக் கணக்கும் உண்டு. அதை அந்தப் பல்கலைக்கழக அமைப்பைச் சேர்ந்த வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் நிர்வகிக்கிறது. அது ஆராய்ச்சிக்கான பணம், விளையாட்டுக்கானது அல்ல; இரண்டையும் குழப்பிக்கொள்வது இத்துறையில் அடிக்கடி நேர்கிறது.

தனியார் பல்கலைக்கழகங்களான பேய்லரும், டெக்சஸ் கிறித்தவப் பல்கலைக்கழகமும், சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகமும் மாநில ஒதுக்கீட்டின் துணையின்றியே அணி நடத்துகின்றன என்பதையும் சொல்லவேண்டும். மாநிலப் பணம் இல்லாமல் இந்த விளையாட்டு நடக்கவே நடக்காது என்ற வாதம் ஆகவே நிற்காது. மாநிலப் பணம் இல்லாவிட்டால் யாருடைய மகள்கள் இதை விளையாடுவார்கள் என்பதே சரியான கேள்வி.

நியூ மெக்சிகோவில் நடந்தது

நியூ மெக்சிகோவின் பொது ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒவ்வொரு அரசுப் பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் கீழும் கற்பித்தலுக்கான தொகை ஒரு வரியாகவும், விளையாட்டுக்கான தொகை வேறொரு வரியாகவும் அச்சிடப்படும். மற்ற மாநிலங்கள் பல தொட்டியில் கலந்து கொடுப்பதை இங்கே தனிக் குவளையில் ஊற்றித் தருகிறார்கள். கற்பித்தலுக்கான தொகை ஒரு வாய்பாட்டின்படி கணக்கிடப்படுகிறது. விளையாட்டு, தனித் திட்டங்கள் ஆகியவற்றுக்கான வரிகளோ ஆண்டுதோறும் பேரம் பேசி நிர்ணயிக்கப்படுகின்றன. வெளிப்படைத்தன்மை என்று பார்த்தால் இது பாராட்டத்தக்கது. ஆனால் தனி வரியாக நிற்கும் எதையும் வெட்டுவதும் எளிது.

அந்த மாநிலத்தின் வருவாய் பெருமளவு எண்ணெயையும் இயற்கை எரிவாயுவையும் சார்ந்தது. 2014-இன் நடுப்பகுதியில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய் விலை, 2016-இன் தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. மாநில அரசு பற்றாக்குறை பட்ஜெட் போட அரசியலமைப்பு இடம்தராததால் வெட்டு தவிர வேறு வழி இருக்கவில்லை. அவ்வாண்டுக் கோடையில், லாஸ் குரூசஸ் நகரிலுள்ள நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகம் தன் சிக்கன நடவடிக்கைகளை அறிவித்தபோது, நீக்கப்படுபவற்றுள் குதிரையேற்ற அணியும் இருந்தது. அப்போது அதன் தலைமை நிர்வாகியான வேந்தராக இருந்தவர் கேரி கரதர்ஸ். 1987 முதல் 1990 வரை அதே மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர் என்பதால், சட்டமன்றப் பணத்தின் ஏற்ற இறக்கம் அவருக்குப் புதிதல்ல. 2016–17 பருவத்தோடு அணியின் கதை முடிந்தது.

அந்தப் பருவம் முடிந்த சமயத்தில் மாநிலத்தில் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்க மாநிலங்களில் ஆளுநர் என்பவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் ஆட்சித்தலைவர். நியூ மெக்சிகோவில் நிதிச் சட்டத்தில் உள்ள எந்த ஒதுக்கீட்டையும் தனியே நீக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு. 2017 ஏப்ரலில் ஆளுநர் சூசனா மார்ட்டினெஸ், சட்டமன்றத்தோடு நேர்ந்த வரி விவகாரப் பூசலில், அடுத்த நிதியாண்டுக்கான உயர்கல்வி ஒதுக்கீடு முழுவதையும், ஏறத்தாழ 745 மில்லியன் டாலரை, ஒரே வீச்சில் நீக்கினார். மே மாதம் கூடிய சிறப்புக் கூட்டத்தொடரில்தான் அது மீட்கப்பட்டது. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்த வசந்தகாலத்தில் அம்மாநிலப் பல்கலைக்கழகங்களின் நிலை அப்படித்தான் இருந்தது. மொத்த உயர்கல்விக்கும் பணம் வருமா வராதா என்று தெரியாத வாரங்களில், ஒரு குதிரையேற்ற அணிக்காகக் குரல் கொடுப்பவரின் பேச்சு எவ்வளவு தூரம் கேட்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சில ஆண்டுகளிலேயே காற்று திசைமாறியது. பெர்மியன் படுகையின் எண்ணெய் உற்பத்தி பெருகி மாநிலக் கருவூலம் நிரம்பி வழிந்தது. 2022-இல் தன் குடிமக்களுக்குக் கல்லூரிப் படிப்புக் கட்டணத்தையே மாநிலம் ஏற்றுக்கொள்ளும் நிலை வந்தது. இங்கேதான் குதிரையேற்ற நிதியின் உண்மையான சிக்கல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வெட்டப்பட்ட ஆராய்ச்சித் திட்டத்தை நல்ல காலம் வந்ததும் மீண்டும் தொடங்கலாம். நிறுத்திவைத்த ஆசிரியர் நியமனத்தைத் தொடரலாம். கலைக்கப்பட்ட குதிரையேற்ற அணியை அப்படி மீட்க முடியாது. குதிரைகள் விற்கப்பட்டோ நன்கொடையாளரிடம் திரும்பியோ போயிருக்கும். அந்நியர் எவர் ஏறினாலும் நான்கு நிமிடத்தில் இணங்கிப்போகும் குணமுள்ள முப்பது குதிரைகளைத் திரட்டுவதற்குப் பணம் மட்டும் போதாது, ஆண்டுகள் பிடிக்கும். மாநில வருவாய் எண்ணெய் விலையோடு ஏறி இறங்குகிறது; லாயத்தின் செலவோ நேர்கோட்டில் போகிறது. பற்றாக்குறை இரண்டு ஆண்டுகளே நீடித்தாலும் இழப்பு நிரந்தரமாகிவிடுகிறது.

சட்டமன்றத்தில் ஒரு மசோதா

ஓர் அணியைக் காப்பாற்றவோ தொடங்கவோ விரும்பும் உறுப்பினர், இத்தனை டாலரை இந்தப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவுக்குக் குதிரையேற்றத்துக்காக ஒதுக்குக என்று தனி மசோதா கொண்டுவரலாம். நியூ மெக்சிகோவில் இத்தகைய மசோதா இரண்டு பக்கங்களைத் தாண்டுவது அரிது. அதைப் படிக்கும்போது மூன்று சொற்களைத் தேட வேண்டும். முதலாவது நிதியாண்டு: ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும் எந்த ஆண்டில் இப்பணத்தைச் செலவிடலாம் என்பது அதில் இருக்கும். இரண்டாவது, செலவாகாமல் எஞ்சும் தொகை பொது நிதிக்கே திரும்பும் என்ற வாசகம். அது இருந்தால் சிக்கனமாக நடத்தி அடுத்த ஆண்டுக்குச் சேமித்துவைக்கப் பயிற்சியாளருக்கு வழியில்லை.

மூன்றாவதே மிக முக்கியமானது. அது மசோதாவில் இல்லாமல், சட்டமன்ற நிதிக்குழுவின் அலுவலர்கள் ஒவ்வொரு மசோதாவுக்கும் தயாரிக்கும் நிதித் தாக்க அறிக்கையில் இருக்கும். இந்தச் செலவு தொடர் செலவா, ஒருமுறைச் செலவா என்று அங்கே ஒரு கட்டத்தில் குறித்திருப்பார்கள். மாநிலங்கள் தொடர் செலவைத் தொடர் வருவாயிலிருந்து மட்டுமே செய்ய விரும்புகின்றன. ஒருமுறைச் செலவு என்றால் கையிருப்பிலிருந்து எளிதாகக் கிடைத்துவிடும். ஆகவே ஆதரவாளர்கள் கிடைப்பது கிடைக்கட்டும் என்று ஒருமுறைப் பணத்தைக் கேட்கிறார்கள். அதைக் கொண்டு ஓர் ஆண்டு தீனி வாங்கிவிடலாம். ஆனால் அதே ஆண்டில் நான்கு ஆண்டு உதவித்தொகை வாக்குறுதியோடு முதலாண்டு மாணவியைச் சேர்க்கும் பல்கலைக்கழகம், இல்லாத பணத்தை வைத்து வாக்குக் கொடுக்கிறது. ஒருமுறைப் பணத்தைக் கட்டடத்துக்கும் வேலிக்கும் கூரையிட்ட சவாரிக்களத்துக்கும் கேட்பதே முறை. தீனிக்குக் கேட்பது சிக்கலைத் தள்ளிப்போடுவது.

அந்த அறிக்கையில் கவனிக்கவேண்டிய வேறொன்றும் உண்டு. பல்கலைக்கழகம் தானே தன் முன்னுரிமைப் பட்டியலில் இந்தக் கோரிக்கையை வைத்ததா, அல்லது உறுப்பினர் தனியே கொண்டுவந்தாரா என்பதை அலுவலர்கள் குறிப்பிடுவர். நிர்வாகம் கேட்காத பணத்தைச் சட்டமன்றம் வலிந்து கொடுக்கும்போது, அந்த ஆண்டு அணி பிழைக்கும். அடுத்த ஆண்டு உறுப்பினர் தோற்றாலோ ஆர்வம் இழந்தாலோ யாரும் கேட்கமாட்டார்கள்.

சட்டம் தரும் காப்பு

மாநிலத்தின் கையை மீறி இந்த அணிகளைத் தாங்கி நிற்பது ஒன்று உண்டு. 1972-இல் நடுவண் அரசு இயற்றிய கல்விச் சட்டத் திருத்தங்களின் ஒன்பதாம் பிரிவு, 'டைட்டில் நைன்' என்று பரவலாக அறியப்படுவது, நடுவண் அரசின் பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் பாலின வேறுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. விளையாட்டைப் பொறுத்தவரை 1979-இல் வெளியான விளக்கம் மூன்று அளவுகோல்களைத் தந்தது: ஆண், பெண் வீரர்களின் விகிதம் மாணவர் தொகையின் விகிதத்தோடு ஒத்திருக்க வேண்டும், அல்லது பெண்களுக்கான வாய்ப்புகளைப் பல்கலைக்கழகம் தொடர்ந்து விரிவாக்கி வந்திருக்க வேண்டும், அல்லது பெண்களின் ஆர்வமும் திறனும் முழுமையாக நிறைவுசெய்யப்பட்டிருக்க வேண்டும். மூன்றில் ஒன்றை நிறைவேற்றினால் போதும்.

அமெரிக்க ஃபுட்பால் அணி ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் இருப்பர். பெண்களில் அதற்கு ஈடான விளையாட்டு கிடையாது. அந்தப் பள்ளத்தை நிரப்ப, ஒரே அணியில் நாற்பது பெண்கள் வரை இடம்பெறத்தக்க குதிரையேற்றம் நிர்வாகிகளுக்குக் கைகொடுத்தது. உதவித்தொகைக்கு உச்சவரம்பு இருந்த காலத்தில் குதிரையேற்றத்துக்கு 15 முழு உதவித்தொகைகளே அனுமதி. அவற்றைத் துண்டுதுண்டாகப் பிரித்துப் பல மாணவியருக்குத் தரலாம். ஃபுட்பாலின் முதல்நிலை அணிகளுக்கோ 85. எண்ணிக்கையில் நாற்பது பெண்கள், உதவித்தொகையில் பதினைந்து பேருக்கான செலவு என்ற கணக்கு பல நிர்வாகிகளைக் கவர்ந்ததில் வியப்பில்லை. சமத்துவத்தின்மீது கொண்ட பற்றால்தான் லாயங்கள் கட்டப்பட்டன என்று நம்புவது கொஞ்சம் அப்பாவித்தனம்.

ஆனால் காரணம் எதுவாயினும் காப்பு உண்மையானது. டெலவேர் மாநிலப் பல்கலைக்கழகம் 2010-இல் தன் குதிரையேற்ற அணியைக் கைவிட முடிவுசெய்தபோது, அணியின் மாணவியர் இச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர்ந்தனர். அவ்வாண்டே உடன்பாடு ஏற்பட்டு அணி நீடித்தது. கறுப்பின மாணவர்களுக்காக நிறுவப்பட்ட ஒரு பல்கலைக்கழகத்தில், செல்வர்களின் விளையாட்டு என்று பெயரெடுத்த குதிரையேற்றம் இவ்வாறு நிலைபெற்றது. பணம் இல்லை என்பது மட்டும் இச்சட்டத்தின்முன் போதுமான விடையாகாது.

காப்புக்கும் எல்லை உண்டு. 2014-இல் என்.சி.ஏ.ஏ.வின் பெண்கள் விளையாட்டுக் குழு, குதிரையேற்றத்தை வளர்ந்துவரும் விளையாட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் தன் அணியை 2015–16 பருவத்தோடு முடித்துக்கொள்வதாக அறிவித்து, அதற்கு ஈடாகப் பெண்கள் கால்பந்து அணியைத் தொடங்கியது. பெண்களுக்கான இடங்கள் குறையாதவரை எந்த விளையாட்டு என்பதைச் சட்டம் கேட்பதில்லை. பட்டியலிலிருந்து நீக்கும் பரிந்துரை நிறைவேறவில்லை என்றாலும், ஒரு பெரிய அணி போய்விட்டது. நாற்பது என்ற இலக்கு மேலும் தள்ளிப்போனது.

2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, அதில் சேரும் பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டு வீரர்களோடு ஒரு வரம்புக்குள் வருவாயைப் பகிர்ந்துகொள்ளலாம்; 2025–26-இல் அந்த வரம்பு சுமார் 20.5 மில்லியன் டாலர். அவற்றுக்குப் பழைய உதவித்தொகை வரம்புகள் போய், அணியின் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்திருக்கிறது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகும் என்பதை மறைக்க யாரும் முயலவில்லை. அதைத் திரட்டவேண்டிய விளையாட்டுத் துறை, வருமானம் ஈட்டாத அணிகளின் கணக்கை இனி வரி வரியாகப் பார்க்கும். அவ்வேளையில் வேளாண் கல்லூரியின் கொட்டகையில், கற்பித்தல் கணக்கில் நிற்கும் குதிரைகளை வைத்து ஓடும் அணியின் செலவு குறைவாகத் தெரியும். வாடகை லாயத்தில் தனியாக நிற்கும் அணியின் செலவு முழுவதும் கண்ணில் படும். எனவே ஓர் அணிக்கு மாநிலத்தின் ஆதரவு எவ்வளவு என்று அறிய விரும்புபவர், விளையாட்டுத் துறையின் அறிக்கையை மூடிவைத்துவிட்டு வேளாண் கல்லூரியின் வரவுசெலவைக் கேட்டு வாங்கிப் படிப்பதே பயன்தரும்.